முகமில்லாத பெண்களுக்கு ஒரு சிவப்புப் புள்ளி

பாரிஸ் நகரத்து ஓவியர்கள் பெண்களுக்கு முகம் வரையாமல் விட்டிருந்ததை முதன்முதலில் கவனித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வடிவமைப்புக் கல்லூரி நூலகத்தின் கீழ்த்தளத்தில், இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு வந்த பிரெஞ்சு உடை நாகரிக இதழ்களைத் தடித்த அட்டை போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். இதழ்களில் புகைப்படம் பெருகி அந்த ஓவியர்களின் பிழைப்பைக் கெடுப்பதற்குச் சற்று முந்திய காலம். முழங்கை வரை கையுறை, தட்டையான தொப்பி, ஒரு பிடிக்குள் அடங்கும் இடுப்பு. கறுப்பு மையில் நாலைந்து இழுப்பில் ஒரு மேலங்கி அதன் பாரத்தோடும் மடிப்போடும் நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். சில படங்களில் உதட்டுக்கு மட்டும் ஒரு சொட்டுச் சிவப்பு.

விற்பனைக்கு இருந்தது உடுப்பு. அதற்குள் நின்றவள் யார் என்று யாரும் கேட்கவில்லை. வயிறு கிடையாது, மூச்சு விட இடம் கிடையாது, கழுத்து மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் படங்களில் இருந்த கொடுமை எனக்கு உடனே பிடித்துப்போனது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை. ஒரு பெண்ணை இவ்வளவு குறைத்த பிறகும் அவள் இவ்வளவு கம்பீரமாக நிற்கிறாளே என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன்.

எங்கள் ஆசிரியை ஒரு வெள்ளைக்காரக் கிழவி. பாராட்டவே தெரியாதவர். என் முதல் படங்களைப் பார்த்துவிட்டு, "விடுவதானால் தெரிந்து விடு. மறந்துபோய் விட்ட மாதிரி இருக்கிறது" என்றார். அதன் பிறகு ஒரு வருடம் நான் விடுவதற்குப் பழகினேன்.

பிரெஞ்சுக் கோட்டில் சேலையை வரைந்தேன். சேலை அந்தக் கோட்டுக்கென்றே நெய்ததுபோல் வந்து விழுந்தது. முந்தானைக்கு ஒரே இழுப்பு; கொசுவத்துக்கு விசிறிபோல் மூன்று. ஆனால் முகமில்லாத சேலைக்காரிகள் கடைப் பொம்மைகள் மாதிரி நின்றார்கள். ஒரு நாள் அந்த உதட்டுச் சிவப்பை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனேன். கண்ணும் மூக்கும் வாயும் இல்லை; ஒரு பொட்டு மட்டும். வெறும் தாளில் அது வந்து உட்கார்ந்ததும் முகம் எங்கே திரும்பியிருக்கிறது, தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எல்லாம் தெரிந்தது. ஆசிரியை அதிக நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போனார். அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய பரிசு அதுதான்.

இதையெல்லாம் பெருமையாகத்தான் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அக்காவின் படிப்பு இடப்பெயர்வில் போனது. நாங்கள் ஆக்லாந்துக்கு வந்தபோது அவளுக்குப் பதினாறு. வகுப்பில் உட்கார்ந்தும் ஒன்றும் புரியாமல் சில மாதங்களில் விட்டுவிட்டு, அம்மாவோடு பென்ரோஸில் ஒரு பொதியிடும் தொழிற்சாலைக்குப் போனாள். எனக்கு ஆறு வயது. நான் படித்தேன். இப்போது நகரத்துக் கலியாணங்களுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். மண்டபத்தின் ஓரத்தில் மேசை போட்டு, வரும் விருந்தினரை நின்ற நிலையிலேயே வரைந்து கொடுப்பேன். வரிசையில் நின்று வாங்கிப் போவார்கள்.

அப்பா எங்களோடு வரவில்லை. ஊரில் நடந்த போரின் கடைசி மாதங்களில் ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் அவரை வரிசையிலிருந்து தனியே கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவரைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அம்மா அன்று வைத்திருந்த பொட்டை இன்றும் வைக்கிறார். பத்துச் சதக் காசளவு குங்குமம், வகிட்டிலும் கொஞ்சம். தொழிற்சாலையில் தலைக்கு வலைத் தொப்பி போட வேண்டும். அதைப் பொட்டில் படாமல் ஏற்றிப் போடுவார்.

நாங்கள் இருக்கும் லின்ஃபீல்டிலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கள் சனத்துக்கு அந்தப் பொட்டு ஒரு தீராத பொழுதுபோக்கு. கோயில் அன்னதான வரிசையில் என் காதுபட ஒருத்தி சொன்னாள்:

"உந்தப் பொட்டின்ர அளவைப் பார். மனுசன் தப்பித் தவறி உயிரோட வந்தாலும் உதைக் கண்டு திரும்ப ஓடிடுவார்."

பக்கத்தில் நின்றவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பாயசம் தளும்பியது. அம்மாவும் கேட்டார். கேட்டுவிட்டு, "சோறு காணுமோ, இன்னும் கொஞ்சம் போடவோ" என்று அவளிடமே கேட்டார். அன்று கரண்டி அம்மாவின் கையில் இருந்தது.

அக்காவுக்குக் கலியாணம் சரிவந்தபோது அம்மா ஒரே ஒரு விஷயத்தை விரும்பினார். தாரை வார்ப்பதற்கு மெல்போர்னிலிருந்து மாமாவும் மாமியும் வருவார்கள். கணவன் பக்கத்தில் இல்லாமல் அதைச் செய்ய முடியாது என்பது அம்மாவுக்கும் தெரியும். ஆனால் மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வரும்போது பெண் வீட்டுச் சுமங்கலிகள் இரண்டு பேர் விளக்குத் தட்டைச் சுற்றி ஆலாத்தி எடுப்பார்கள். அந்தத் தட்டை மாமியோடு தானும் பிடிக்க வேண்டும். மகளுக்கு வருகிறவனை வாசலில் நின்று தானே வரவேற்க வேண்டும். அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் தாயாரை நான் அன்ரி என்று கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து எங்களுக்கு வெகுகாலம் முன்பே வந்து இங்கே வேரூன்றியவர். தலைமயிர் ஒரு இழை கலைந்து நான் பார்த்ததில்லை. நாள் குறித்த பிறகு கணவரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, நீங்கள் ஏதோ பிரெஞ்ச் ஸ்டைலில கீறுறனீங்களாம். என்ர சிநேகிதி ஒரு வெள்ளைக்காரக் கலியாணத்தில பார்த்திட்டு வந்து சொன்னவ. எங்களுக்கும் வாசலில ஒரு போர்ட் வேணும். கதவளவு உயரத்தில."

"யார் யாரைக் கீற வேணும் அன்ரி?"

"பொம்பிளையும் மாப்பிள்ளையும் நடுவில. இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் உங்கட அம்மா."

"அப்ப நான்?" என்றார் கணவர்.

"உங்கட வண்டிக்குப் பிரெஞ்ச் ஸ்டைல் எங்க பொருந்தப் போகுது? பேசாமல் இருங்கோ."

அவர் வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தார். எல்லாவற்றுக்கும் சிரிக்கிற மனிதர். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணியும் நானும் மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுப்பம் எண்டு நினைச்சிருக்கிறன்."

அன்ரி அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். பிறகு கோப்பையைப் பார்த்தார். "அதைப் பிறகு பாப்பம். ஐயரையும் ஒருக்காக் கேக்க வேணும். சீனி கொஞ்சம் கூடிப்போச்சு போல."

படத்தை வீட்டு முன்னறையில், கம்பளத்துக்கு மேல் பழைய படுக்கை விரிப்புகளைப் பரப்பி வரைந்தேன். தடித்த தாள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அம்மாவும் அக்காவும் சுவரோடு ஒட்டி நடந்தார்கள். அன்ரிக்கு மயில்பச்சைக் காஞ்சிபுரம், அம்மாவுக்கு மஞ்சள் கரைச் சேலை. மூன்று பெண்களுக்கும் முகம் இல்லை. மூன்று சிவப்புப் புள்ளிகள். மாப்பிள்ளைக்கு ஒரு சந்தனக் கீற்று.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அன்ரி பார்க்க வந்தார். தனியாக. எங்கள் வீட்டில் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் சுவர் இல்லை. அம்மா அங்கே அரிசி கழுவிக்கொண்டு நின்றார். அக்கா ஒடாஹுஹு கடைத்தெருவில் வாங்கி வந்த வளையல்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்ரி படத்தைச் சுற்றி நடந்தார்.

"வடிவா இருக்கு. என்ர கழுத்து இவ்வளவு நீளமோ பிள்ளை?"

"படத்தில அப்பிடித்தான் அன்ரி. எல்லாருக்கும் நீளம்."

"முகம் இல்லாட்டிலும் ஆரார் எண்டு தெரியுது. கெட்டிக்காரி." அம்மாவின் உருவத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "ஒரு சின்ன விசயம். அந்தப் பொட்டு."

நான் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"எல்லாருக்கும் கண் மூக்கை விட்டிட்டீங்கள்தானே. அவவுக்கு உதையும் விட்டால் என்ன? பார்க்கிற சனத்துக்கு விளங்கிடும். வாயால சொல்லி ஒராளை நோகடிக்கத் தேவையில்லை பாருங்கோ. எங்கட பக்கத்து ஆக்களுக்கு நான் பதில் சொல்ல வேணும். முதல் கலியாணம் எங்கட வீட்டில."

குரலை அவர் குறைக்கவே இல்லை. அம்மாவுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். அம்மாவிடம் சொல்லாமல் தாளிடம் சொன்னார். வாசலில் அந்தப் படம் நிற்கும். பெண்ணின் தாய்க்குப் பொட்டு இல்லை என்று வருகிற ஒவ்வொருவரும் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு ஆலாத்தித் தட்டைப் பற்றி யாரும் பேசக்கூட வேண்டியதில்லை. ஒன்றை விடுவதால் என்ன சொல்ல முடியும் என்பதை நான் கல்லூரியில் கற்றேன். அவர் எங்கேயும் கற்காமல் வைத்திருந்தார்.

"பாக்கிறன் அன்ரி" என்றேன்.

அவர் கார் போன பிறகு அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எடுத்துவிடு."

"என்ன?"

"ஒரு புள்ளிதானே. எடுத்துவிடு. நாளைக்கு அந்த வீட்டில இருக்கப்போறது நான். நீயில்லை."

"அக்கா, அம்மா நிக்கிறா."

"தெரியும். எத்தினை வருசம் உதால நாங்கள் பேச்சு வாங்கினது? எனக்கு வந்த ரெண்டு சம்பந்தம் ஏன் போனதெண்டு உனக்குத் தெரியுமோ? நீ படிச்சுக்கொண்டிருந்தாய். உனக்கு ஒண்டும் தெரியாது."

அரிசியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா குழாயை மூடினார்.

"பிள்ளை, அந்தச் சிவப்பை அழிக்கலாமோ?"

"ஏலாது அம்மா. தாளுக்குள்ள ஊறிட்டுது. மேல வெள்ளை பூசினால் கட்டியாத் தெரியும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"முழுக்கத் திரும்பக் கீற வேணும்."

"அப்ப திரும்பக் கீறு" என்றார் அம்மா. அரிசியை அடுப்பில் வைத்தார். எதை விட வேண்டும், எதை வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புதுத் தாளில் திரும்பவும் வரைந்தேன். இரண்டாம் முறை கோடு எப்போதும் நன்றாக வரும். கை எங்கே போகிறது என்று அதற்கே தெரியும். அன்ரியின் தாடையை இந்த முறை கொஞ்சம் ஏற்றினேன். மற்றவர்களின் தலைக்கு மேலால் பார்க்கிற அந்தத் தாடை, வெறும் தாளின் ஓரத்தில் ஒரு வளைவு. அவரைத் தெரிந்த எவரும் அதைக் கண்டு தடுமாற மாட்டார்கள். பிறகு அக்காவுக்குப் பொட்டு வைத்தேன். அம்மாவுக்கு, பத்துச் சதக் காசளவில், வைத்தேன். அன்ரியின் நெற்றியைத் தாளாகவே விட்டேன். ஒரு புள்ளியை எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

கலியாணத்தன்று காலை மழை. படத்தை விரிப்பில் சுற்றி வாகனத்தில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோய், வாசலில் தாங்கியில் நிறுத்தினேன். பக்கத்தில் நிறைகுடம், பன்னீர்ச் செம்பு, சந்தனம் குங்குமம் வைத்த தட்டு. ஆலாத்தித் தட்டோடு மாமியும் மாமாவின் மைத்துனி ஒருத்தியும் நின்றார்கள். ஐயரைக் கேட்டார்களோ இல்லையோ, அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவர் கதவுக்கு உள்ளே, கதிரைகள் தொடங்கும் இடத்தில் நின்றார்.

சனம் வந்தது. முதலில் எல்லாரும் கைபேசியைத் தூக்கினார்கள். "ஐயோ எவ்வளவு வடிவு." "உது பிரான்சில கீறுற மாதிரி." பிறகு ஒரு கூட்டம் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டது. அதன் பிறகு படத்தை விட்டு யாரும் உள்ளே போகவில்லை.

புகைப்படக்காரர் தமிழ்நாட்டுப் பையன். என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, பச்சைப் புடவை அம்மாவுக்குப் பொட்டு மிஸ்ஸிங். கவலப்படாதீங்க, நான் எடிட்ல போட்டுடறேன்."

"வேண்டாம்" என்றேன்.

மாப்பிள்ளை கார் வந்து நின்றது. நாதஸ்வரம் ஒலிபெருக்கியில். தாய் தகப்பன் முன்னால் இறங்கி வந்தார்கள். தகப்பன்தான் முதலில் பார்த்தார். அவருக்கு வழக்கம்போல் சிரிப்பு வந்தது.

"இஞ்சை பாரப்பா! உன்ர பொட்டைக் காணேல்லை. அப்ப நான் செத்துப்போனனோ?"

யாரோ சிரித்தார்கள். வேறு யாரோ அந்தச் சிரிப்பை வாயிலேயே பொத்தினார்கள். அன்ரி படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகம் படத்திலிருந்த முகத்தைவிட வெறுமையாக இருந்தது.

"என்ன இது?"

"ஒரு பொட்டை எடுக்கச் சொன்னீங்கள் அன்ரி."

"பெயின்ற் எங்க? இப்ப வை."

"பெயின்ற் வீட்டில."

மாப்பிள்ளை குடையின் கீழ் நின்று விழித்தான். அன்ரியின் தங்கை, "விடக்கூடாது, அபசகுனம், இந்தா குங்குமம் இருக்கு, ஆராவது ஒரு சுமங்கலி வையுங்கோ" என்று தட்டைத் தூக்கினாள். கூட்டத்தில் எத்தனையோ சுமங்கலிகள். ஒருத்தியும் அசையவில்லை. அடுத்தவள் நெற்றியில் இல்லாததை நான் வைக்கவா என்று ஒவ்வொருத்தியும் பின்னுக்கு நகர்ந்தாள்.

அம்மா உள்ளேயிருந்து வந்தார். தட்டில் மோதிர விரலைத் தொட்டு எடுத்துக்கொண்டு படத்துக்குப் போனார். அன்ரி எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீங்கள் வேண்டாம்."

தாளிடம் சொன்னது வாயிலிருந்தே வந்துவிட்டது, இவ்வளவு பேருக்கு முன்னால், பின்னால் நின்ற மணப்பெண் காரில் அக்காவோடு உட்கார்ந்திருந்த தோழி வரைக்கும் கேட்க.

"ஏன் வேண்டாம்?" என்றார் அம்மா. கையை இழுக்கவில்லை.

"அது... உங்களுக்குத் தெரியும்தானே."

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமெண்டால் சொல்லுங்கோ. எந்த இடத்தில வைச்சுச் சுட்டவங்கள் எண்டு சொல்லுங்கோ. எங்க மண்ணில தாட்டவங்கள் எண்டு சொல்லுங்கோ. நான் போய்ப் பார்க்க வேணும். இவ்வளவு காலமும் ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுங்கோ. சொன்ன உடன இதை அழிக்கிறன்."

அம்மா குரலை உயர்த்தவில்லை. சோறு காணுமோ என்று கேட்ட அதே குரல். அன்ரியின் கணவர் இப்போது சிரிக்கவில்லை, நிலத்தைப் பார்த்தார். "விடப்பா கையை" என்றார்.

அன்ரி கையை விட்டார்.

அம்மா படத்தின் நெற்றியில் குங்குமத்தை வைத்தார். காய்ந்த தூள் தாளில் நிற்காது. விரலை எடுத்ததும் அது கொட்டி, மூக்கு இருக்க வேண்டிய இடத்தாலும் வாய் இருக்க வேண்டிய இடத்தாலும் வழிந்து, நீண்ட கழுத்தில் இறங்கி மயில்பச்சைச் சேலை வரைக்கும் ஒரு சிவப்புத் தடமாய்ப் போனது. பார்க்கப் பயங்கரமாக இருந்தது. அதைத் துடைக்கவும் யாருக்கும் துணிவில்லை.

பிறகு அம்மா திரும்பி, மாமியின் பக்கத்தில் நின்றவளிடம் கையை நீட்டினார். அவள் தட்டைக் கொடுத்துவிட்டு விலகினாள். அம்மாவும் மாமியும் தட்டைச் சேர்த்துப் பிடித்தார்கள். மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்தார்கள்.

அன்று அக்கா என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை அம்மா தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "அந்தத் தாடை அச்சொட்டா அவதான்" என்றார். அவ்வளவுதான் அந்தப் படத்தைப் பற்றி அவர் எப்போதாவது சொன்னது.

அக்கா பிறகு சொன்னாள், ஒரு தடவை, எங்கள் வீட்டு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு: "நீ கீறிப்போட்டு வந்திட்டாய். நான் ஒவ்வொரு நாளும் அவவுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுக்கிறன். நான் வைக்கிற கோப்பையை அவ தொடுறதில்லை. ஆறின பிறகு நானே ஊத்துறன்." அவள் அதைக் குற்றம் சாட்டுவதுபோல் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். பதில் சொல்ல வேண்டியிருந்தால், திரும்பக் கீறச் சொன்னாலும் அதையேதான் கீறுவேன் என்று சொல்லியிருப்பேன். அதை அவளிடம் சொல்வதும் கொடுமைதான் என்பதால் விட்டேன்.

இந்த நவராத்திரிக்கு அந்த வீட்டில் கொலு. நாங்களும் போனோம், போகாமல் இருக்க முடியாது. கிளம்பும்போது அன்ரி ஒவ்வொரு பெண்ணாக நிறுத்தி, குங்குமச் சிமிழைத் திறந்து தன் கையால் பொட்டு வைத்து அனுப்பினார். அம்மாவின் முறை வந்தது. அன்ரி சிமிழைத் திறந்தபடியே பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, கொலுப் படியில் ஒரு பொம்மையைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டார். மூடவில்லை. எடுத்துக்கொண்டு போகவும் இல்லை.

அம்மா குனிந்து, தானே தொட்டு, ஏற்கனவே இருந்த பொட்டின் மேல் வைத்துக்கொண்டார். "அப்ப போயிட்டு வாறம்" என்றார்.

"ஓம்" என்றார் அன்ரி, திரும்பாமல். பின்னாலிருந்து பார்க்கும்போதும் அந்தத் தாடை தெரிந்தது.